யாரோ ஒருத்தியின் ரத்தம்

அத்தியாயம் பதினான்கு

ஏழு நாளாக மலர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் கொளஞ்சியம்மாள் அதற்குத் தானாகவே ஒரு நல்ல காரணத்தை எண்ணிக்கொண்டு, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டிலிருந்து இரண்டு நாள் மாதுளம்பழம் வாங்கிவந்தாள். காரணம் அதுவல்ல என்று தெரிந்த மறுநாளே மாதுளம்பழம் நின்றுபோனது.

உண்மையான காரணம் போன வாரம் நம்மோடு மலையேறியவர்களுக்குத் தெரியும். ஏறாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது மறைத்துவைத்துச் சுவை கூட்டுகிற சங்கதி இல்லை.

மலர்விழியின் புருஷன் சரத்குமார் 'நலக்கரம்' என்று ஓர் அறக்கட்டளை நடத்துகிறான். மலைச் சனங்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் உடல்நலத்தில் இருக்கிற ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காக, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதற்கு மூன்று வருடத்துக்கு நிதி கொடுத்தது. சரத்குமார் எழுதிய விண்ணப்பத்தில் 'சமம்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அவர்களுடைய கல்யாணப் படமும் வந்தது. கீழ்நாட்டு மாப்பிள்ளை, கல்வராயன் மலைப் பெண், கழுத்தில் மாலை. சமத்துவத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? படத்தைப் போடலாமா என்று அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

அறக்கட்டளையின் வேலை இதுதான். மலையில் ஊருக்கு ஒரு தொண்டர். மாதம் ஒருமுறை அவள் தன் ஊர்க் கர்ப்பிணிகளின் விரலில் குத்தி, தடித்த தாளில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, காயவிட்டு, பேரெழுதிக் கவரில் போட்டு அனுப்புவாள். கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் ஹீமோகுளோபின் அளவு பார்ப்பார்கள். பதினொன்று இருந்தால் தேவலை. ஏழுக்குக் கீழே போனால் ஆபத்து. நிதியில் வாங்கிய ஜீப் மேலே போய் அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வரும். கரியாலூரைத் தாண்டி, மண்பாதையில் கடுக்காம்பட்டி வரைக்கும் ஏறுகிற வண்டி அது ஒன்றுதான்.

கடுக்காம்பட்டி மலர்விழி பிறந்த ஊர். அங்கே தொண்டர் அவளுடைய தங்கை தனுஷா, எட்டு மாதக் கர்ப்பிணி. தனுஷாவின் அட்டையில் பதினொன்று புள்ளி நாலு என்று எழுதியிருந்தது. போன வாரம் மலர்விழி அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதட்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஒரு வருடமாக அந்த ஊர்க் கர்ப்பிணிகள் ஒன்பது பேரின் பேரிலும் போன ரத்தம் ஒரே ஒருத்தியுடையது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற இலக்கியா நல்ல கட்டான உடம்புக்காரி. அவள் விரலைத்தான் தனுஷா மாதாமாதம் குத்தி ஒன்பது தாளில் வைத்தாள்.

யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. போன வருடம் செல்லியம்மாளுக்கு ஆறு என்று வந்தது. ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போனது. நாலாம் நாள் அதே ஜீப்பில் வெள்ளைத் துணி சுற்றித் திரும்பி வந்தாள். எதனால் செத்தாள் என்று கீழே இருந்த ஒருவரும் மேலே இருந்த ஒருவருக்கும் சொல்லவில்லை. எண் குறைந்தால் ஜீப் வரும், ஜீப் வந்தால் பிணம் வரும் என்பதுதான் கடுக்காம்பட்டிக்குப் புரிந்த பாடம். பெண்கள் தனுஷாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். அவளுக்கும் பயம்தான். இலக்கியாவைக் கூப்பிட்டாள்.

மலர்விழி அன்றைக்கே தங்கையின் நிஜ ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துவந்து, புருஷன் காதுக்கு உடனே போகக்கூடாது என்று தன் பேரெழுதி லேபில் கொடுத்தாள். ஐந்து புள்ளி எட்டு. நீங்கள் எப்படி நடந்து வந்தீர்கள் அக்கா என்று லேப் பெண் அதிசயப்பட்டாள்.

மறுநாள் சரத்குமாரிடம் சொல்லிவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"மெட்ராஸ்லேர்ந்து பார்வைக்கு வராங்க. அது முடியட்டும். அடுத்த மூணு வருஷ நிதிக்கு எழுத்து வந்துடட்டும். அப்பறம் நாமளே சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். இப்ப வாயத் தொறந்தா ஜீப்பு போயிடும் மலரு."

அந்த ஒரு சொல்தான் அவள் வாயைக் கட்டியது. ஆஸ்பத்திரி என்றாலே தனுஷா வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கணவன் இளமாறன் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தான். வலி எடுக்கிற அன்றைக்குக் கையைக் காலைக் கட்டியாவது அவளை வண்டியில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவது என்று மலர்விழி தீர்மானம் செய்திருந்தாள். அதற்கு வண்டி இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஜீப், அதற்காக ஒரு நாள் மௌனம். இந்த பேரத்தில் அவளுக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அந்தப் பார்வை நாள் இன்றுதான்.

*

காலையில் கொளஞ்சியம்மாள் மருமகள் அறைக்குள் வந்து ஒரு புதுச் சேலையைக் கட்டில்மேல் வைத்தாள்.

"இன்னைக்கு ஒங்க மலைச்சனங்க கட்டற மாதிரி கட்டிக்கினு போ மலரு. வரவங்க பாத்தா நல்லாருக்கும்."

ஆறு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த புதிதில், அதே கட்டுக்காகத்தான் கொளஞ்சியம்மாள் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் மலர்விழியின் அப்பா ராமசாமி சாமை மூட்டையோடு மகளைப் பார்க்க வந்தால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, காகிதக் கப்பில் காப்பி. வீட்டில் எவர்சில்வர் டம்ளருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மலர்விழி அந்தச் சேலையை எடுத்துக்கொண்டாள். தினமும் கட்டுகிற மாதிரியே கட்டினாள். மாமியார் பார்த்துவிட்டு, சொன்னால் கேட்கிற சாதியா இது என்று அடுப்படிக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

நிதி கொடுக்கிற நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து வந்த அம்மாளின் பேர் தேவிப்ரியா. நாற்பது வயசிருக்கும். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவள் மலர்விழியிடம்தான் முதலில் வணக்கம் சொன்னாள். கரியாலூரில் தன் காரை நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறியபோது முன்சீட்டு வேண்டாம் என்று பின்னால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வண்டி குலுங்கக் குலுங்க சரத்குமார் எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்களில் சராசரி எட்டு. இப்போது பதினொன்று புள்ளி மூன்று. ஒரே விரலிலிருந்து வந்த ஒன்பது சொட்டு ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டாமல் வேறு எதைக் காட்டும்? அறிக்கையில் அதற்கு அவன் 'சீரான முன்னேற்றம்' என்று பேர் வைத்திருந்தான். மற்ற ஊர்களிலும் எண்கள் நன்றாகவே இருந்தன. எப்படி நன்றாக இருந்தன என்று யோசிக்க மலர்விழிக்குப் பயமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லவேண்டும். சரத்குமார் பிறவிப் பொய்யன் இல்லை. நலக்கரம் தொடங்கிய முதல் வருடம், இந்த நிதியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்னால், அவனே ஒவ்வொரு ஊராக நடந்து, ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று மலர்விழிக்குத் தோன்றியதும் அந்த நடையைப் பார்த்துத்தான். நிதி வந்த பிறகு அறிக்கை எழுதவே நேரம் போதவில்லை. நடை நின்றது, கவர்கள் வர ஆரம்பித்தன.

*

கடுக்காம்பட்டியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனுஷா முகத்தில் மஞ்சளைக் கெட்டியாகப் பூசிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். வெளுப்பை மறைக்க அதுதான் வழி என்று அக்காவுக்கு மட்டும் தெரிந்தது.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் தேவிப்ரியா மலர்விழியைப் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகத் தனியே அழைத்துப் போனாள்.

"நீங்க இந்த ஊர்ப் பொண்ணு. காகிதத்துல இருக்கறது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, இந்த எண்ணை நான் நம்பலாமா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி கேட்க முடியாது. மலர்விழி ஜீப்பைப் பார்த்தாள். டிரைவர் இருசப்பன் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை, அதற்கு மூன்று வருடம்.

"நம்பலாங்க மேடம்."

தேவிப்ரியாவின் முகம் மலர்ந்தது. அவள் மலர்விழியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கை பட்ட இடம் மலர்விழிக்குக் கூசியது.

பிறகு தேவிப்ரியா பெண்களைப் பார்த்துப் பேசினாள். எழுதிவைத்துப் படிக்கவில்லை, மனசிலிருந்துதான் பேசினாள். மூன்று வருடத்தில் இந்த மலைப் பெண்கள் கீழே இருக்கிற பெண்களுக்குச் சமமாகிவிட்டார்கள், கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், தானே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டதில் சந்தோஷம் என்றாள். நலக்கரத்துக்கு நிதி தொடரும். போன முறையைப்போல் மூன்று மடங்கு. சரத்குமார் கண்ணை மூடித் திறந்தான். மலர்விழிக்கு ஏழு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

தேவிப்ரியா இன்னும் முடிக்கவில்லை. இங்கே வேலை முடிந்துவிட்டதால், இன்னும் ஏழிலும் எட்டிலும் தவிக்கிற வேறொரு மலைக்குப் போவதுதான் நியாயம் என்றாள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து நிதியும் ஆட்களும் அங்கே போகும். இந்த ஜீப்பும் போகும்.

சரத்குமார் கை தட்டினான். அவன் தட்டுவதைப் பார்த்துப் பெண்களும் தட்டினார்கள். ஜீப் இனி வராது என்பது அவர்களுக்கு நல்ல செய்தி, அதனால் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமுடியாது என்பார்கள். மலர்விழி கத்தவில்லை. எழுந்து நின்றாள்.

"மேடம், அந்த ரத்தம் இவங்களுது இல்ல."

கைதட்டல் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செல்லியம்மாள் போனதும் வந்ததும், ஒன்பது தாள், ஒரே விரல். இலக்கியாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை ஊர் வறுத்தெடுத்துவிடும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பையிலிருந்து லேப் சீட்டை எடுத்து நீட்டி, தன் தங்கையின் நிஜ அளவு இதுதான், ஐந்து புள்ளி எட்டு என்றாள்.

தேவிப்ரியா சீட்டை வாங்கிப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இதுல உங்க பேருதானே இருக்கு?"

மலர்விழி வாயைத் திறந்தாள். ரத்தம் தங்கையுடையது, பேர் மட்டும் என்னுடையது என்று சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. கடுக்காம்பட்டிப் பெண்கள் செய்த அதே காரியத்தை அவளும் செய்திருந்தாள். படித்தவள் என்பதால் லேப் முத்திரையோடு செய்திருந்தாள், அவ்வளவுதான்.

சரத்குமார் பக்கத்தில் வந்தான். குரலை உயர்த்தவில்லை. அவளுடைய தங்கைக்கு நாள் நெருங்கிவிட்டது, வண்டி போகிறதே என்ற பதற்றத்தில் ஏதோ சொல்கிறாள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் அவளால் மறுக்க முடிந்திருக்கும்.

தேவிப்ரியா அப்போதும் விட்டுவிடவில்லை. தனுஷாவின் முன்னால் குனிந்து, பயப்படாமல் சொல்லும்மா, அந்தத் தாளில் இருந்தது உன் ரத்தம்தானா என்று கேட்டாள்.

தனுஷா முதலில் அக்காவைப் பார்த்தாள். பிறகு தன்னைச் சுற்றி இருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்கள் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க அக்காவுக்கு எம்மேல பாசம் ஜாஸ்திங்க," என்றாள் தனுஷா. "அது என் ரத்தந்தாங்க."

தேவிப்ரியா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டதால் அடுத்த மாதக் கடைசியில் வேறு ஆளை அனுப்பி எல்லோருக்கும் மறுபடி அளவு பார்க்கச் சொல்வதாகச் சொன்னாள். நாட்குறிப்பில் எழுதியும் கொண்டாள். தனுஷாவுக்கு நாள் குறித்திருப்பது அடுத்த மாத நடுவில். காய்ச்சல் வந்தவனுக்கு அடுத்த தையில் கஷாயம்.

*

வண்டி கிளம்பும்போது சரத்குமார் மலர்விழியின் முழங்கையைத் தொட்டான். வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் அசையவில்லை.

"அந்த மலையில நூறு பொம்பளைங்களுக்கு வண்டி கெடைக்கப்போவுது மலரு. அதுவும் புண்ணியந்தான. ஒரு தங்கச்சிய மட்டும் பாத்தா ஆவுமா?"

"நீங்க போங்க. நம்ம கல்யாணப் படம் வேணும்னா அதையும் அங்க எடுத்துக்கினு போங்க."

அவன் அடிபட்ட மாதிரி பார்த்தான். ஜீப்பில் தேவிப்ரியா காத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். அவன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு அவளையே பயமுறுத்தியது. கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஆளும் இவன்தான் என்பது அதைவிடக் கசந்தது.

பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவளைப் பார்க்காமல் கலைந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்று, கீழே போனவளுக்குக் கீழ்புத்திதான் வரும் என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா ராமசாமி ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தார். அக்காவும் தங்கையும் வீட்டுக்கு நடந்தார்கள். தனுஷா பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். மலர்விழி கை கொடுத்தபோது வாங்கவில்லை.

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த பிறகுதான் மலர்விழி கேட்டாள். ஏன் உன் ரத்தம்தான் என்றாய், அந்த அம்மாளே கேட்டாளே, அந்த நிமிஷமே உன்னை ஜீப்பில் வைத்துக் கொண்டுபோயிருப்பாளே என்றாள்.

தனுஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கியிருந்தது.

"மொதல்ல ஒன்னத் தனியா கேக்கசொல்ல நீ இன்னா சொன்ன? நம்பலாம்னுதான சொன்ன? நீங்க போனதும் எந்திரிச்சி வந்து நான் செவுத்துக்கு இந்தாண்டதான்க்கா நின்னுக்கினு இருந்தேன்."

கழுத்து மஞ்சளைத் துடைக்க வந்த அக்காவின் கையைத் தனுஷா தள்ளிவிட்டாள்.

"ஜீப்பு நிக்கணும்னு பொய் சொன்ன. ஜீப்பு போவுதுன்னதும் நெசத்த சொன்ன. நாங்க இன்னாத்துக்குப் பயந்து இதச் செஞ்சோம்னு அந்தம்மாகிட்ட ஒரு வாட்டியாவது கேக்கச் சொன்னியா? செல்லியம்மா எப்டி செத்தான்னு ஒங்க ஆபீஸ்ல யாராவது போயி கேட்டீங்களா?"

கேட்கவில்லை. செல்லியம்மாள் செத்த மாதம் மலர்விழி கள்ளக்குறிச்சி அலுவலகத்தில்தான் இருந்தாள். அந்த மாத அறிக்கையைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். 'கீழே அனுப்பப்பட்டவர்: ஒருவர்' என்று அடித்தாள். திரும்பி வந்ததை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அவளும் இடம் கேட்கவில்லை. புருஷனைத் திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவளுக்குத் தன்னைத் திட்ட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"என்ன மன்னிச்சுடு தனுசு," என்றாள்.

தனுஷா இரண்டு கையாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கோபத்தில்தான் என்று மலர்விழி முதலில் நினைத்தாள். உதடு வெளுத்து நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் கிட்டே போனாள்.

"காலையிலேர்ந்து இடுப்பு வலிக்குதுக்கா," என்றாள் தனுஷா, கண்ணைத் திறக்காமலே. "வந்தவங்களுக்குத் தெரிஞ்சா இட்டுக்கினு போயிடுவாங்கன்னு பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன்."

கீழே இரண்டாவது வளைவில் ஜீப் இறங்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மலர்விழி செருப்பில்லாமல் ஓடினாள். மேட்டு விளிம்பில் நின்று இருசப்பன் பேரைச் சொல்லிக் கத்தினாள், பிறகு புருஷன் பேரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மரங்களுக்கு நடுவே வண்டியின் மேல்கூரை ஒரு கணம் தெரிந்தது. மூன்றாவது வளைவில் மறைந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கடுக்காம்பட்டியில் என்றைக்கு டவர் கிடைத்திருக்கிறது, இன்றைக்குக் கிடைக்க?

திரும்பி ஓடி வந்தபோது தனுஷா படியில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். வாசலில் இலக்கியா செய்வதறியாமல் நின்றுகொண்டிருந்தாள். படியிலிருந்து ரத்தம் மெல்லக் கீழே இறங்கி மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

அது தனுஷாவின் ரத்தம்தான்.